முன்கதவு வழியாக வரும் அக்கா

வாங்லர் பண்ணை, வட டகோட்டா
பிப்ரவரி 20, 2020

மாண்புமிகு பரீட்சை அதிகாரியும் என் ஒரே அக்காவுமான லியோனாவுக்கு,

டெஸ்ஸா எழுதுவது. இங்கே அப்பாவின் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். மாடுகளில் பாதிப் பேர் பிள்ளைத்தாய்ச்சி. நாய் பிஸ்மார்க்கும் சுகம். மாநிலத் தலைநகரத்தின் பெயரை நாய்க்கு வைத்ததில் அப்பாவுக்கு இன்னும் சலிக்கவில்லை. தினம் மூன்று வேளையும் “பிஸ்மார்க், வாயை மூடு!” என்று அரசாங்கத்தை அதட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார். ஃபார்கோவில் நீயும் உன் வகுப்பு வாண்டுகளும் எப்படி? இந்த மாதம் எத்தனை பல் விழுந்தது?

‘ஒரு போரின் காரணங்களும் விளைவுகளும்’ என்று அம்மா கட்டுரை எழுதச் சொன்னாள். நான் ‘வாங்லர் வீட்டுப் போர், 2015’ என்று எழுதினேன். அம்மா படித்துவிட்டு “எழுத்துப் பிழை இல்ல” என்று மட்டும் சொல்லி மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டாள். நீயாவது மார்க் போடு:

“ரைன்ஹோல்ட் வாங்லர் என்பவர் தம் இரு பெண்களையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைத்தார். அதற்குச் சட்டம் வேண்டும் என்று இளவயதில் தலைநகரத்துப் படிக்கட்டில் போய் நின்றவர். அவருடைய மூத்த மகள் வளர்ந்து அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனாள். (வங்கியைக் கொள்ளையடித்திருந்தால் மன்னித்திருப்பார்.) தந்தை முழங்கினார்: ‘அரசாங்கச் சம்பளம் வாங்குறவ இந்த வீட்டுக்கு அரசாங்க வேலையா மட்டும் வரலாம்.’ மகள் சொன்னாள்: ‘சரி. அப்படியே வர்றேன்.’ இருவரும் சொன்ன சொல் மாறாதவர்கள். இந்த நோய்க்கு மருந்து இல்லை.

“ஆனால் வீட்டில் படிக்கும் பிள்ளைகள் நாலு, ஆறு, எட்டு, பத்தாம் வகுப்புகளில் பரீட்சை எழுத வேண்டும், அதைப் பெற்றோர் அல்லாத, உரிமம் பெற்ற டீச்சர் ஒருவர் நடத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எனவே ஆறாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் இளைய மகளைச் சோதிக்க மூத்த மகள் வந்தாள். முன்கதவு வழியாக வந்தாள். அந்த வீட்டில் முன்கதவு என்பது காப்பீட்டு ஏஜெண்டுக்கும் சவப்பெட்டிக்கும் உரியது. மனிதர்கள் பின்பக்கம் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுப்படி வழியாக வருவார்கள். ‘வாங்க மிஸ் வாங்லர், காபி?’ ‘நன்றி மிஸ்டர் வாங்லர். சர்க்கரை வேண்டாம்.’ அவளால் சர்க்கரை இல்லாமல் காபி குடிக்க முடியாது என்பது அடுப்படியில் இருந்த அனைவருக்கும் தெரியும், நாய் உட்பட.”

அவ்வளவுதான் கட்டுரை. இனி கட்டுரைக்கு வெளியே ஒரு விஷயம். வரும் மே மாதம் எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அதுதான் கடைசி. அதற்கப்புறம் சட்டம் என்னைக் கைகழுவிவிடும். நீ வருவதற்கு உலகத்தில் வேறு காரணமே கிடையாது. பரீட்சை இரண்டு நாள்தான் நடக்கும் அக்கா. அதற்குள் அப்பாவிடம் ஏதாவது பேசிவிடு.

இதையெல்லாம் தொலைபேசியில் சொல்ல முடியாது. அது அப்பாவின் நாற்காலிக்கு நேர் மேலே தொங்குகிறது. இணையம் இந்த வீட்டுக்குள் வர இன்னும் கதவே கண்டுபிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா தேவாலய அலுவலகத்திலிருந்து உன்னோடு பேசும்போது அப்பா வண்டியில் உட்கார்ந்து எதுவும் தெரியாதவர் மாதிரி வானத்தைப் பார்க்கிறார். என்ன மாதிரி நடிப்பு!

நேற்று எண்ணெய்க் குடுவையை எடுத்துப்போய் முன்கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார்.

“எதுக்குப்பா?”

“துருப் பிடிச்சிருக்கு.”

“மே மாசத்துக்கு பிப்ரவரியிலயேவா?”

“உனக்கு அல்ஜீப்ரா முடிஞ்சுதா?”

காபியில் சர்க்கரை போட்டுக்கொள், யாரும் பார்க்கவில்லை.
உன் கடைசிப் பரீட்சார்த்தி,
டெஸ்ஸா

~

ஃபார்கோ
மார்ச் 4, 2020

அன்புள்ள வாயாடிக்கு,

நான் சௌக்கியம். வகுப்பில் மூன்று பல் விழுந்தது, ஒன்று காணாமலே போய்விட்டது. விழுங்கியிருப்பான் என்று சந்தேகம். அப்பாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

கட்டுரைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு. சரித்திரம் எழுதுகிறவள் ஒரு பக்கமாகச் சாயக் கூடாது, அதற்காகப் பத்து குறைத்தேன். எந்தப் பக்கம் சாய்ந்தாய் என்று கேட்காதே, எனக்கும் தெரியவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று. போன முறை வந்தபோது என் கையுறைகளை வேண்டுமென்றேதான் விட்டுவிட்டு வந்தேன். திரும்பி வர ஒரு சாக்கு. அந்த வாரமே தபாலில் வந்துவிட்டன, உள்ளே ஒரு வரி கூட இல்லை. ஆனால் கிழிந்திருந்த கட்டைவிரலை யாரோ தைத்திருந்தார்கள். அம்மாவின் தையல் இல்லை அது. கோதுமை மூட்டை தைக்கிற முடிச்சு. நான் சாக்கு வைத்தேன், அவர் சாக்குத் தையல் போட்டு அனுப்பிவிட்டார். இந்தக் குளிர்காலம் முழுவதும் அந்தக் கையுறைதான் போட்டேன்.

மே மாதம் அவரோடு பேசுவேன். பெரிதாக ஒன்றும் திட்டமில்லை. “காபி, மிஸ் வாங்லர்?” என்று கேட்பாரே, அப்போது சர்க்கரை கேட்கப்போகிறேன்.

அல்ஜீப்ராவை முடி. அம்மாவை ஒரு முறை பின்னாலிருந்து கட்டிக்கொள், எனக்காக.
லியோனா

~

பண்ணை
மார்ச் 29, 2020

அக்கா,

நாங்கள் சுகம், ஏனென்றால் எங்களை யாரும் பார்ப்பதே இல்லை. தொற்றுக்கு எங்கள் வீட்டு வழி தெரியாது. நீ எப்படி இருக்கிறாய்? வகுப்பறையைப் பூட்டிவிட்டார்களாமே. இங்கே தேவாலயத்தையும் பூட்டிவிட்டார்கள், அதோடு அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியும் போயிற்று.

முதலில் அப்பாவின் ஆட்டத்தைச் சொல்கிறேன். மாநிலத்துப் பிள்ளைகள் எல்லாரும் வீட்டிலிருந்தே படிக்க வேண்டும் என்று வானொலியில் சொன்னதும், கரண்டியைச் செங்கோல் மாதிரி பிடித்துக்கொண்டு எழுந்தார். “பாத்தியா? ஆளுநரே என் பள்ளிக்கூடத்துல சேந்துட்டார்! பிஸ்மார்க், கேட்டியாடா?” நாய் வாலை ஆட்டியது. “இப்பத்தான் தலைநகரத்துக்குப் புத்தி வந்திருக்கு” என்றார்.

அப்புறம் வெள்ளிக்கிழமைச் செய்தித்தாள் வந்தது. வாசித்தார். மறுபடியும் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

“என்னப்பா?”

“இந்த வருஷம் வீட்டுப் பிள்ளைங்களுக்கும் பரீட்சை கிடையாதாம். தள்ளுபடி.”

விதியை யாராலும் மாற்ற முடியாது என்று பாதிரியார் சொல்வார் இல்லையா? தப்பு. ஆளுநரால் முடியும்.

“அப்ப அடுத்த வருஷம் எழுதணுமா?”

“பத்தாவதுன்னா பத்தாவதுதான். பதினொண்ணுல சட்டம் கேக்கல.”

முப்பது வருடமாக அந்தப் பரீட்சையை நீக்கச் சொல்லி மனு மேல் மனு எழுதியவர் அக்கா! ஜெயித்துவிட்டார்! குதிக்க வேண்டாமா? “நல்லது” என்றார். தட்டில் பாதி அப்படியே இருந்தது. எழுந்து முன்னறைக்குப் போய் முன்கதவைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார், மூடினார். சத்தமே இல்லை. எண்ணெய் நன்றாக வேலை செய்கிறது.

கடையில் தள்ளுபடி என்றால் எல்லோருக்கும் சந்தோஷம். இதில் என்னிடமிருந்து தள்ளிப் போட்டது உன்னை அல்லவா?

பரீட்சை இல்லாமலே வந்துவிடேன். ஏதாவது சொல்.
டெஸ்ஸா

~

ஃபார்கோ
ஏப்ரல் 6, 2020

அன்புள்ள டெஸ்ஸா,

சுகமாகத்தான் இருக்கிறேன். குழந்தைகள் கணினித் திரையில் தபால்தலை அளவுக்குத் தெரிகிறார்கள். ஒருவன் தினமும் தன் கோழியைக் காட்டுகிறான். மதியம் பள்ளிப் பேருந்தில் ஏறி வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கப் போகிறேன். பள்ளிக்கூடத்தில் மட்டும் வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று இப்போதுதான் தெரிகிறது. அம்மாவிடம் கேள்: ஓடி ஒளிகிற பிள்ளையை மேஜைக்கு இழுத்து வர என்ன செய்வாள்? இங்கே தாய்மார்கள் என்னிடம் கேட்டு அழுகிறார்கள். எங்கள் வீட்டில் பிடிவாதக்காரர்கள் மட்டும்தான், ஓடுகிறவர்கள் இல்லை என்று எப்படிச் சொல்வது?

சும்மா வந்துவிடு என்கிறாய். சும்மா வருவதற்கும் ஒரு கதவு வேண்டும், குட்டி. முன்கதவில் வந்தால், “என்ன வேலையா வந்தீங்க?” என்பார். என்னிடம் பதில் கிடையாது. பின்கதவில் வந்தால், அது அவர் திறக்க வேண்டிய கதவு. நானாகத் திறந்தால் அவர் சொல் உடைந்துபோகும். அவரிடம் அது ஒன்றுதான் முழுசாக இருக்கிறது.

குறும்பு எதுவும் செய்யாதே. உன்னை எனக்குத் தெரியும்.

கன்றுகளுக்குப் பெயர் வைத்தாயிற்றா?
லியோனா

~

பண்ணை
ஏப்ரல் 19, 2020

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். கன்றுகளும் சுகம். ஒன்றுக்குக் கிருமி என்று பெயர் வைத்தேன், அம்மா அடிக்க வந்தாள். நீ சுகமா? பதிலில் இரண்டு வரியாவது உன்னைப் பற்றி எழுது. கோழியைப் பற்றிப் போதும்.

குறும்பு செய்யாதே என்று நீ எழுதிய கடிதம் கொஞ்சம் தாமதமாக வந்தது. (வந்த பிறகுதான் செய்தேன். ஆனால் தாமதமாக வந்தது என்பது உண்மை.)

என் திட்டம் இதுதான்: எனக்கு மூளை கரைந்துகொண்டிருக்கிறது என்று அப்பா நம்ப வேண்டும். நம்பினால், வெளியாள் ஒருவர் வந்து சோதிப்பது நல்லது என்று தானாகவே தோன்றும். ஒரு வாரம் உழைத்தேன்.

“ஒளிச்சேர்க்கைன்னா என்ன?” என்று அம்மா கேட்டாள்.

“போட்டோ எடுக்கறப்போ எல்லாரும் ஒண்ணாச் சேந்து நிக்கறது.”

“நெப்போலியன் யாரு?”

“போன வருஷம் வித்தோமே, அந்தக் காளை.”

அப்பா ரொட்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். “ஏழெட்டு எவ்வளவு?”

“ஏழோ எட்டோ இருக்கும்ப்பா.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. நான் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டேன். “எதுவுமே மண்டையில ஏறலப்பா. பயமா இருக்கு. உரிமம் வாங்குன வெளியாள் யாராவது வந்து பாத்தா...”

“செவ்வாய்க்கிழமை கால்நடை டாக்டர் வர்றார். அவரும் உரிமம் வாங்கினவர்தான். மாட்டோட சேத்து உன்னையும் காட்டிடறேன்.”

அதோடு விட்டாரா? கொட்டகை கழுவும்போது பத்தொன்பதாம் வாய்ப்பாடு வரை சத்தமாகச் சொல்லவைத்தார். மாடுகளுக்கு இப்போது என்னைவிட நன்றாகத் தெரியும்.

தளரவில்லை. தலைநகரத்துக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்: “மதிப்புக்குரிய பெரியவர்களே, இந்த மாநிலத்தில் பரீட்சை வேண்டும் என்று அழுகிற ஒரே மாணவி நான். என்னை மட்டும் விதிவிலக்கிலிருந்து விலக்க வேண்டுகிறேன்.” அப்பாவுக்குத் தெரிந்தால் நாய்க்குப் பக்கத்தில் தூங்க வேண்டியதுதான்.

முகமூடி போட்டுக்கொள். பேருந்தில் போகும்போதும்.
டெஸ்ஸா

~

பண்ணை
மே 4, 2020

அக்கா,

நீ பதில் போடவில்லை. கோபமா? குறும்பை நிறுத்திவிட்டேன். இந்தக் கடிதத்தில் ஒரு சிலேடை கூடக் கிடையாது, தேடிப் பார்.

அப்பா வயலில் இருந்தபோது உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. நீ பேருந்தில் போயிருப்பாய்.

தலைநகரத்திலிருந்து ஓர் அம்மையார் பதில் எழுதியிருக்கிறார். என் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோரும் வாசித்துச் சிரித்தார்களாம். இந்த வருடம் எந்தப் பிள்ளைக்கும் கட்டாயமில்லையாம். ஆசை இருந்தால் வினாத்தாள் தபாலில் வருமாம், நானே எழுதிக்கொள்ளலாமாம். ‘வெளியாள் எவரும் உங்கள் வீட்டுக்கு வர வேண்டிய அவசியமில்லை’ என்று என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து எழுதியிருக்கிறார். எனக்கு வேண்டியது பரீட்சை இல்லை, வெளியாள்தான் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? உன்னை வெளியாள் என்று எழுதவே எனக்குக் கை வரவில்லை.

இன்றுதான் நீ வந்திருக்க வேண்டிய நாள். அம்மா பரீட்சை வருடத்தில் மட்டும் சுடுகிற பாலேட்டுக் கூக்கன் கேக்கை இன்றும் சுட்டாள். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. ஒன்றைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து உனக்கு அனுப்பச் சொன்னாள். தபால்பெட்டி வரை அப்பாதான் எடுத்துப் போனார், போகிற வழியில்தானே இருக்கிறது என்றார். தபால்பெட்டி எந்த வழியிலும் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

ஒரு வரி போடு.
டெஸ்ஸா

~

ஃபார்கோ
மே 13, 2020

அன்புள்ள டெஸ்ஸா,

கோபமெல்லாம் இல்லை. வேலை. எல்லோரும் சுகம்தானே? எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னித்துவிடு, படுத்துக்கொண்டு எழுதுகிறேன். சோம்பேறித்தனம். லேசாகச் சளி.

கூக்கன் வந்தது. பார்க்கவே அழகாக இருந்தது. அம்மாவிடம் சொல்லாதே, இந்த முறை பட்டைத்தூள் போட மறந்துவிட்டாள் போலிருக்கிறது. ஒரு வாசனையும் இல்லை, இனிப்பும் தெரியவில்லை, பச்சை மாவைத் தின்கிற மாதிரி இருந்தது. பாவம், அவளுக்கும் வயதாகிறது. ஆனாலும் முழுவதும் சாப்பிட்டேன், நம் வீட்டுத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு.

பிறகு நிறைய எழுதுகிறேன்.
லியோனா

~

பண்ணை
மே 19, 2020

அக்கா, நீ எப்படி இருக்கிறாய்? மற்றவர்கள் சுகத்தை அப்புறம் எழுதுகிறேன்.

உன் கடிதம் இன்று காலை உணவு நேரத்தில் கையில் இருந்தது. அம்மாவிடம் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். என்னிடம் அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? சத்தமாக வாசித்தேன். அம்மாவைக் கேலி பண்ணலாம் என்றுதான்.

“பட்டை போடலியா? நானா?” அம்மா பொங்கிவிட்டாள். “கையளவு போட்டேன்டி! வீடே மணந்துச்சே!”

நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. உன் கடிதங்களை வாசிக்கும்போது எப்போதும் காது கேளாதவர் மாதிரி மென்றுகொண்டே இருப்பார் இல்லையா, மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

“போட்டியா?”

“போட்டேங்க.”

“நல்லாப் போட்டியா?”

“நீங்கதானே பக்கத்துல நின்னு தும்முனீங்க?”

வானொலியில் தினமும் சொல்கிற அறிகுறிகள் மூன்று பேருக்கும் ஒன்றாக ஞாபகம் வந்தன. அம்மா கையிலிருந்த துணியை மேஜையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

“டிராக்டருக்கு ஒரு பெல்ட் வாங்கணும்” என்று எழுந்தார் அப்பா. விதைப்புக் காலம் அக்கா. மழைக்கு அப்புறம் கிடைத்த முதல் காய்ந்த நாள், சுற்றிலும் எல்லா வயலிலும் வண்டி ஓடுகிறது. அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் உருளைக்கிழங்கு சூப்பை இரண்டு ஜாடியில் ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

“பெல்ட் வாங்கப் போறவருக்கு எதுக்கும்மா ரெண்டு ஜாடி?”

“வழியில பசிக்கும்.”

சாயங்காலம் திரும்பினார். வண்டியின் முன்கண்ணாடி முழுக்கப் பூச்சி, நெடுஞ்சாலையில் வெகுதூரம் போனால் ஒட்டுமே அந்த மாதிரி. ஜாடி இல்லை. பெல்ட்டும் இல்லை.

“பெல்ட் எங்கப்பா?”

“அளவு சரியா இல்ல.”

பூட்ஸைக் கழற்றாமலே பின்படியில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இன்று சிரிப்பு வரவில்லை அக்கா. உன் உடம்பைப் பற்றி எழுது. உண்மையாக எழுது.
டெஸ்ஸா

~

ஃபார்கோ
மே 28, 2020

என் டெஸ்ஸாவுக்கு,

உண்மையாக எழுதுகிறேன். ஏப்ரல் கடைசியில் வந்தது. காய்ச்சல், அப்புறம் மூச்சு. சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். நீ கூப்பிட்டபோது அங்கேதான் இருந்திருப்பேன். சொன்னால் அம்மா பின்கதவைத் தாண்டி ஓடி வந்துவிடுவாள், அவளுக்கும் தொற்றிவிடும். அதனால் சொல்லவில்லை. நீ என்னைத் திட்டலாம், உரிமை உண்டு. இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார வேண்டியிருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை யாரோ கதவைத் தட்டினார்கள். எழுந்து போய்த் திறப்பதற்குள் ஆளைக் காணவில்லை. வாசலில் இரண்டு ஜாடி. மூடியைச் சுற்றிச் சணலும் அந்த மூட்டை முடிச்சும். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜன்னலுக்குப் போனேன். கீழே தெருவுக்கு அந்தப் பக்கம் நம் வண்டி நின்றது. அவர் உள்ளே உட்கார்ந்து நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியில் கை வைத்து நின்றேன். அவர் மேலே வருவார் என்று நான் நினைத்தேன். நான் இறங்கி வருவேன் என்று அவர் நினைத்தாரோ என்னவோ. அவருக்கு இங்கே வர எந்த வேலையும் இல்லை. எனக்குப் படி இறங்க மூச்சில்லை.

வெகுநேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தார். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். எதிரே வரும் எந்த வண்டிக்கும், முன்பின் தெரியாதவனுக்கும் தூக்குவாரே, அந்த ஒரு விரல். ஐந்து வருடமாக எனக்கு மட்டும் தூக்காத விரல். நானும் ஒரு விரல் தூக்கினேன். அவர் போய்விட்டார்.

சூப்பில் ருசி தெரியவில்லை. சூடு தெரிந்தது.

நான் பார்த்ததாக அவரிடம் சொல்லாதே. இந்த முறை நிஜமாகவே சொல்லாதே.
லியோனா

~

பண்ணை
ஜூன் 30, 2020

அக்கா,

சுகமா? மூச்சு எப்படி? எத்தனை படி ஏறுகிறாய் என்று மட்டும் ஒரு அட்டையில் எழுதிப் போடு, போதும்.

நான் சொல்லவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் காப்பாற்றிய முதல் ரகசியம், வயிற்றை வலிக்கிறது. அப்பா தினமும் தபால்பெட்டிக்குத் தானே போகிறார். முழங்கால் வலியோடு. திரும்பி வந்து விதைப் பட்டியலையும் மின்கட்டண ரசீதையும் மேஜையில் போட்டுவிட்டு, “வேற ஒண்ணும் இல்ல” என்று யாரும் கேட்காமலே சொல்கிறார்.

நேற்று அம்மா அவரிடம், “ஒரு தடவ கூப்பிட்டுப் பேசுங்களேன்” என்றாள்.

“என்னன்னு கூப்பிடறது?”

“லியோனான்னு.”

எழுந்து போய்விட்டார். சூரியகாந்தி இடுப்பளவு வந்துவிட்டது.
டெஸ்ஸா

~

ஃபார்கோ
ஜூலை 27, 2020

அன்புள்ள டெஸ்ஸா,

எல்லாப் படியும் ஏறிவிட்டேன். நேற்றுக் காலை காபி போட்டபோது திடீரென்று மணத்தது. கோப்பையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டிக் கேட்கிற அளவுக்கு.

பள்ளிக்கூடம் திறக்குமா, எப்படித் திறக்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. என் வகுப்பில் பாதிப் பெற்றோர் இனி வீட்டிலேயே படிக்கவைக்கப்போவதாகச் சொல்கிறார்கள். அப்பாவுக்குச் சொல், சிரிப்பார். வேண்டாம், சொல்லாதே.

பரீட்சை இல்லாமலே உன் பத்தாம் வகுப்பு போய்விட்டது. நானும் என் சர்க்கரையைக் கேட்காமல் போய்விட்டேன். அறுவடை தொடங்கிவிட்டதா? இரவில் ஜன்னலைத் திறந்தால், இல்லாத கோதுமைத் தூசி மூக்கில் ஏறுகிறது. வாசனை திரும்பி வந்ததே தப்பு என்று தோன்றுகிறது.

எல்லோரையும் கேட்டதாகச் சொல். எல்லோரையும்.
லியோனா

~

பண்ணை
ஆகஸ்ட் 23, 2020

தேறிய என் அக்காவுக்கு,

எழுதாத பரீட்சையில் நான் தேறவில்லை, நீ தேறிவிட்டாய். அது போதும். இங்கே எல்லோரும் சுகம், உடம்பெல்லாம் உமி.

சொல்ல நிறைய இருக்கிறது. ஊரில் இத்தனை வருடமாக அப்பாவைக் கிறுக்கன் என்றவர்களெல்லாம் இப்போது வரிசையாக வருகிறார்கள். பிள்ளைகளை வீட்டில் படிக்கவைக்க யாருக்கு எழுத வேண்டும், என்ன எழுத வேண்டும் என்று கேட்க. அப்பா புல்வெளியில் தள்ளித் தள்ளி நாற்காலி போட்டு, சட்டத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறார். பிஸ்மார்க் நடுவில் படுத்திருக்கிறது, அதிகாரி மாதிரி.

போன வாரம் பெர்னடெட் ஹூபல் வந்திருந்தாள். அவள் பையனுக்கு நாலாம் வகுப்பு.

“நாலாவதுல பரீட்சை இருக்காமே ரைன்ஹோல்ட்? இந்த வருஷம் மறுபடி உண்டாம். யாரு வந்து நடத்துவாங்க? எனக்கு யாரையும் தெரியாதே.”

அப்பா தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போட்டார். நான் தண்ணீர்க் குடத்தோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

“என் மக ஒருத்தி இருக்கா” என்றார். “ஃபார்கோவுல. டீச்சர். நல்ல டீச்சர்.”

‘மிஸ் வாங்லர்’ இல்லை அக்கா. என் மக. அம்மா ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். சிறிது நேரம் அவளைக் காணவில்லை.

“ஓ, அவளா? இங்க வருவாளா?” என்றாள் பெர்னடெட்.

“கேக்கணும்.”

அன்று முழுவதும் யாரையும் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. கடையிலிருந்து வந்தபோது சாமான்களோடு ஒரு பை சர்க்கரை இருந்தது. எங்கள் மூவரில் யாரும் காபிக்குச் சர்க்கரை போடுவதில்லை. இன்று காலை நான் உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அவர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார், முதுகு என் பக்கம்.

“அவளுக்கா எழுதற?”

“ஆமா.”

“முன்கதவு கீல் உடஞ்சு போச்சுன்னு எழுது.”

“என்னப்பா?”

“உடஞ்சு போச்சு. திறக்க வராது. இனிமே யாரு வந்தாலும், என்ன வேலையா வந்தாலும், பின்பக்கமாத்தான் வரணும்.” வாசலில் நின்று மறுபடியும் சொன்னார். “வேல இல்லாம வந்தாலும்.”

அறுவடை வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும் வரை காத்திருந்தேன். அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள், என்னைத் தடுக்கவில்லை. முன்னறைக்குப் போய்க் கைப்பிடியைத் திருப்பினேன்.

பொய்யே சொல்லாத மனிதர், அக்கா. கதவு சத்தமே இல்லாமல் திறந்தது.

மெதுவாக மூடிவிட்டேன். யாரிடமும் சொல்லப்போவதில்லை. பின்படியில் உன் பூட்ஸுக்கு இடம் இருக்கிறது.
டெஸ்ஸா